மேஜைமேல் ஒரு கைக்கடிகாரம்

மார்ச் 4
காலையில் நகம் வெட்டினேன். மோதிரத்தைக் கழற்றி சோப்புப் பெட்டியில் போட்டேன். பதினோரு வருடமாக இதே வேலை. "கல்யாணமே ஆகாதவ மாதிரி கிளம்புற," என்றார் வீட்டுக்காரர். ஆராய்ச்சி பலூனின் பிளாஸ்டிக் தாள் காய்கறிக்கடைப் பையைவிட மெல்லியது. நகம் பட்டாலே கதை முடிந்தது. அந்த நீள மேஜைப் பக்கம் வெறும் விரலோடுதான் போக வேண்டும். நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்தப் பலூனும் பறக்காது.

மார்ச் 9
இயக்குநர் விருந்தாளிகளோடு வந்தார். போட்டோவுக்காக மேஜைமேல் சாய்ந்து, மாடு வாங்க வந்தவர் போல பலூனைத் தட்டிக்கொடுத்தார். கையில் தடித்த இரும்புக் கடிகாரம். "சார், வாட்ச்!" என்று கத்தினேன். "இந்தம்மா என்னையே செக் பண்றாங்க," என்றார். எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கத்தை மடித்துவிட்டார்கள். சார் சொன்னாராம்.

மார்ச் 10
முழுவதையும் பிரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றேன். அதற்குள் மேல்காற்று திசை மாறிவிடும், பிறகு ஆறு மாதம் பறக்க முடியாது என்றார் இயக்குநர். பேனாவை நீட்டினார்.
"கீறலை உங்க கண்ணால பாத்தீங்களா?"
பார்க்கவில்லை.
"அப்புறம் என்ன?"
போட்டுவிட்டேன். த்தூ.

மார்ச் 14
ஓசோன்காரர் வந்தார். நாளை பலூனோடு மேலே போகிற ஓசோன் அளக்கும் கருவியை ஆறு வருடமாகச் செய்தவர். "நீங்க பாத்த பலூன்னா எனக்குக் கவலையே இல்லம்மா," என்றார். தலையாட்டினேன். ஏன் சொல்லவில்லை? என் வாய்க்கு யார் பூட்டுப் போட்டது?

மார்ச் 15
பதினெட்டு கிலோமீட்டர் உயரத்தில் பலூன் கிழிந்தது. பாராசூட் சிக்கிக்கொண்டது. கருவி ஏரியில். ஓசோன்காரர் கரையில் உட்கார்ந்து, சேறு வழியும் பெட்டியை மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 28
விசாரணை அறிக்கை வந்துவிட்டது. காரணம்: மேலே கடுங்குளிர். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். குளிராம்! எழுதினவனுக்குக் கை கூசவில்லையா? எனக்கு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது — இதே கைதானே அன்றைக்கும் போட்டது?
"போட்டுத் தொலை, எதுக்கு வம்பு," என்றார் வீட்டுக்காரர். பிறகு அவரே பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மார்ச் 29
போடவில்லை. அந்த இடத்தில் கடிகாரத்தைப் பற்றி எழுதினேன். மூன்று நாள் எடுத்துப் பிரித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதையும் எழுதினேன். ஒரு நகல் ஓசோன்காரருக்கு. படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மூணு நாள்தானேம்மா."

மே 6
என்னைத் தூக்கிப் போட்ட பழைய பதிவேடுகள் அறையில் மூன்றாவது வாரம். தூசி, இரண்டு நாற்காலி, நான். மாலையில் மகள் என் கையை மடியில் வைத்து நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினாள். "எப்பம்மா இவ்ளோ வளந்துச்சு?" என்றாள். சோப்புப் பெட்டியில் இப்போது சோப்பு மட்டும்தான் இருக்கிறது.