மேனேஜருக்கென்று ஒரு தப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் சிரித்துக்கொண்டே வந்தார்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்தைப் பார்த்தாலே எனக்கு அன்றைய ஆபீஸ் தெரிந்துவிடும். கிடங்கில் வேலை பார்த்தபோது செருப்பு பறந்துபோய்ச் சுவரில் அடிக்கும். அச்சகத்தில் இருந்தபோது ஒன்று வாசலில், ஒன்று கூடத்தில். காப்பீட்டு ஆபீசின் கடைசி மாதத்தில் கழற்றவே மாட்டார், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இப்போது பஸ் கம்பெனியில் ஏழாவது மாதம். இரண்டும் ஜோடியாக, சுவரோரமாக, புதுமாப்பிள்ளை செருப்பு மாதிரி.

“ஆபீஸ் எப்படிங்க?”

“நல்லா போச்சும்மா.”

“மேனேஜர்?”

“தங்கமான மனுஷன்.”

எந்த மேனேஜரையும் இவர் தங்கம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பித்தளை என்றுகூடச் சொன்னதில்லை.

விளக்கின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ‘இவர் வாயைக் கொஞ்சம் கட்டிப்போடு சாமி’ என்று வருஷக்கணக்காக வேண்டிக்கொண்டவள் நான்தான். கட்டிவிட்டான். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தால் சந்தேகம் ஏன் வருகிறது?

மார்ச் 6, வியாழன்

சிலிண்டர் மாற்றியாயிற்று. ரவை, சோப்பு வாங்க வேண்டும். பிளேடு சீக்கிரம் தீர்கிறது. தினமும் ஷேவ் செய்கிறார் — யாருக்காக?

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டு இருவரும் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். தம்பி ஜெயித்தான்.

எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். ஆமாம், தம்பிதான் ஜெயித்தான். மூன்று ஆட்டமும்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் வீட்டுக்காரர் நாலு சீட்டு இறங்கியதும் எதிரே இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சீட்டில் மட்டும் இல்லை. கிடங்கில் சேர்ந்த முதல் வாரமே, சரக்கு எங்கே தேங்குகிறது, யாரால் தேங்குகிறது என்று முதலாளியிடம் சொன்னார். அது முதலாளியின் மருமகனால். அச்சகத்தில் மற்றவர்கள் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவார், அதற்கு அவர்கள் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. காப்பீட்டு ஆபீசில் பெயர்கூட வைக்கவில்லை. பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். மூன்று இடத்திலும் அனுப்பும்போது ஒரே வசனம்: “கெட்டிக்காரர்தான், ஆனா…” அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் எதுவும் வராது. சம்பளக் கவர்தான் வரும்.

இந்த வேலையைத் தம்பி யார் யாரிடமோ பல்லிளித்து வாங்கிக்கொடுத்தான். “அத்தான், இந்தத் தடவையாவது வாயைப் பசை போட்டு ஒட்டிக்குங்க, என் மானம் உங்க நாக்குல இருக்கு” என்றான்.

இன்று அவனே தொடையைத் தட்டிக்கொண்டு, “அக்கா, பாத்தியா? அத்தானுக்கு வயசாயிடுச்சு!” என்றான். இவரும் சிரித்தார். ஆனால் கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கிற ராணியைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் சீட்டைக் கீழே போட்டதை நான் பார்த்தேன். தட்டு எடுக்கும் சாக்கில் அவர் பின்னால்தான் நின்றேன்.

ஏன் தோற்க வேண்டும்? தம்பியிடம் என்ன காரியம் ஆக வேண்டும் இவருக்கு?

மார்ச் 12, புதன்

ஒரு சோதனை வைத்தேன். மன்னிப்பு பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று கூட்டில் உப்பை இரண்டு மடங்காகப் போட்டேன். வேண்டுமென்றேதான்.

மொத்தமும் சாப்பிட்டார். “பிரமாதம்” என்றார். தண்ணீர் மட்டும் இரண்டு சொம்பு.

காபியில் சர்க்கரை கால் ஸ்பூன் ஏறினாலும் சொல்கிற மனுஷன். எதையோ மறைக்கிறவர்களுக்குத்தான் வீட்டுச் சாப்பாடு திடீரென்று பிரமாதமாகும். பக்கத்து சீட்டில் ஒரு பெண்ணாம். இரண்டு முறை பேச்சில் வந்துவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

கேட்கப்போவதும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். கடவுள் எனக்குக் கொடுத்த சாக்கு. மத்தியானம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆபீஸ் டிப்போவின் மாடியில். இவருடைய நாற்காலி காலி. பக்கத்து சீட்டுப் பெண்ணைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஓய்வுபெற இன்னும் சில மாதங்கள்தான் இருக்கும், முழங்கால் வலிக்கு மேஜைக்கடியில் முக்காலி போட்டு வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து முறுக்கு கொடுத்தார்.

“உங்க வீட்டுக்காரர் தங்கமான குணம்மா. கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்துக்கிட்டிருப்பாரு பாவம். நாங்கல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம்.”

மெதுவா? இவரா?

“இப்ப எங்கே போயிருக்காருங்க?”

“வண்டி பாக்கப் போறேன்னு தினமும் ஷெட்டுக்குப் போயிடுவாரு.”

ஷெட் காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூலையைக் காட்டினார். சக்கரம் கழற்றிச் செங்கல் மேல் நிறுத்திய ஒரு பழைய பஸ். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். புத்தகம் இல்லை, போன் இல்லை. கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு எதிர் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

வேறொரு பெண்ணோடு பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது?

ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திடுக்கிட்டார். பிறகு மெல்ல மெல்ல வந்தது.

டிரைவர்களின் டியூட்டி சார்ட் போடுவதுதான் அவர் வேலை. யார் எந்த பஸ், எத்தனை மணிக்கு, யாருக்கு எப்போது ஓய்வு. ஒரு வாரத்து சார்ட் திங்கட்கிழமை மதியத்துக்குள் அவருக்கு முடிந்துவிடுகிறது. முன்பு இருந்தவருக்கு அது முழு வாரம் பிடிக்குமாம்.

“திங்கட்கிழமையே குடுத்தா என்னாகும்னு எனக்குத் தெரியும்மா. மூணு இடத்துல பாத்துட்டேன். முதல்ல கை தட்டுவாங்க. அப்புறம் மத்தவங்களை ஏன் முடியலைன்னு கேப்பாங்க. அப்புறம் எல்லாரும் என்னைப் பாப்பாங்க. அதான் வெள்ளிக்கிழமை குடுக்கிறேன்.”

“மீதி நாளெல்லாம் இங்கேயா?”

“மேஜையில உக்காந்து வேலை செய்யற மாதிரி நடிக்கிறது ரொம்பக் கஷ்டம். இங்கே நடிக்க வேண்டாம்.”

இன்னொன்றும் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. ஒவ்வொரு சார்ட்டிலும் ஒரு தப்பை வேண்டுமென்றே வைப்பாராம். கண்ணில் படும் இடத்தில், மேனேஜருக்கென்று. ராத்திரி கடைசி வண்டி ஓட்டியவருக்கே விடிகாலை முதல் வண்டி, அந்த மாதிரி. மேனேஜர் சிவப்புப் பேனாவால் சுழித்து, “பாத்தீங்களா சார், நான் ஒருத்தன் இல்லேன்னா?” என்பாராம். அன்று முழுக்க மேனேஜருக்கு நல்ல மூடாம்.

“திருஷ்டிப் பொட்டு மாதிரிம்மா. கண்ணு படாம இருக்கிறதுக்கு.”

பொட்டு வைக்கிறவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார். இவர் பிள்ளையைக் கொண்டுவந்து செங்கல் மேல் நிற்கிற பஸ்ஸில் பூட்டி வைத்திருக்கிறார். இதை அவரிடம் சொல்லவில்லை. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். பெருகிவிட்டது. மேனேஜருக்கு ஒரு தப்பு, தம்பிக்கு மூன்று ஆட்டம். எனக்கு? “பிரமாதம்”, “நீ சொல்றது சரிதாம்மா” — இதெல்லாம் எனக்கென்று வைத்த பொட்டுகளா? என்னை எட்டாவதோடு நிறுத்தினார்கள். மீதியை வீட்டுக்கு வந்த காகிதத்திலிருந்தெல்லாம் நானே பொறுக்கிப் படித்தேன். என் வாதத்தை மதித்து எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் இவர்தான். விடாமல் எதிர்ப்பார், சண்டை வரும், அதிலே நான் கற்றுக்கொண்டது அதிகம். யோசித்துப் பார்த்தால் எங்களுக்குள் சண்டை வந்தே ஏழு மாதம் ஆகிறது.

ஏப்ரல் 7, திங்கள்

செருப்பைக் கழற்றவில்லை.

மெதுவாகத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை மேனேஜர் திடீரென்று லீவு. இவர் அது தெரியாமல் சார்ட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். பதில் ஆளாக வந்தவர் எடுத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு போர்டில் ஒட்டச் சொல்லிவிட்டார். இவர் நாற்காலியில் இருந்திருந்தால் தடுத்திருப்பார். சாயங்காலம் வந்து மேஜை காலியாக இருப்பதைப் பார்த்து, மேனேஜர் வழக்கம்போல் சுழித்து எடுத்துக்கொண்டார் என்றே நினைத்திருக்கிறார்.

இந்த வாரத்துப் பொட்டு ஒரு மீசைக்கார டிரைவர் மேல். ஞாயிறு ராத்திரி கடைசி வண்டியை அவர்தான் கொண்டுவந்து விட்டார். இன்று விடிகாலை முதல் வண்டியையும் அவரே எடுத்தார். டிப்போ கேட்டிலேயே கண் சொருகித் தூணில் மோதிவிட்டார். பஸ்ஸில் யாரும் ஏறியிருக்கவில்லை, ஆண்டவன் காப்பாற்றினான். அவருக்குக் கை உடைந்திருக்கிறது. குடித்திருந்தாரா என்று ஊதச் சொன்னார்களாம். பிறகு, தூங்கிவிட்டார் என்று எழுதி சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

“அந்த டிரைவராவது எதுவும் கேட்கலையா?”

“நம்ம நல்ல சார் போட்ட டியூட்டி, தட்ட மனசு வரலைன்னாராம்.”

சார்ட்டில் இருக்கும் தப்பை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று அவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் அவரைக் கள்ளத்தனமாகக் கவனித்தேன். சொல்லிவிடுவாரா? மறைப்பாரா? சாயங்காலம்தான் புரிந்தது, நான் கவனித்தது அவரை இல்லை, என்னைத்தான். ‘பேசாம இருங்க’ என்ற சொல் என் நாக்கு நுனியில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. நாலாவது ஆபீஸ். தம்பியின் மானம். மறுபடி அந்த ‘ஆனா’.

விளக்கு ஏற்றினேன். வேண்டிக்கொள்ள ஒரு வார்த்தையும் வரவில்லை. வாயைக் கட்டு என்று கேட்பதா, அவிழ்த்துவிடு என்று கேட்பதா?

சாப்பிடும்போது, “அவருக்கு எந்தக் கைங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“வலது கை.”

அதற்கு மேல் இருவரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சொல்லிவிட்டார்.

“தப்பு டிரைவர் மேல இல்லை, என்னுது” என்றதும் மேனேஜர் தோளைத் தட்டியிருக்கிறார். “அட விடுங்க சார். மனுஷன்னா தப்பு வராதா? வழக்கமா நான் புடிச்சிடுவேன், இந்தத் தடவை நான் இல்லாம போயிட்டேன். டிரைவர் பேருல முடிஞ்சுபோச்சு, அப்படியே இருக்கட்டும்.” பக்கத்து சீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இத்தனை நாள் அவர் ஏங்கியது அந்தத் தோள்தட்டலுக்குத்தானே. நிறுத்தியிருந்தால் காலம் முழுக்க எல்லாருக்கும் தங்கமான மனுஷனாக இருந்திருப்பார்.

“தவறிப் பண்ணலை சார். வேணும்னே வெச்சேன்.”

“எதுக்கு?”

“நீங்க கண்டுபிடிக்கறதுக்கு.”

மேனேஜர் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துப் பார்த்தாராம். பிறகு கேட்ட கேள்வி பஸ்ஸைப் பற்றியும் இல்லை, கை உடைந்தவரைப் பற்றியும் இல்லை.

“அப்ப நான் இதுவரைக்கும் கண்டுபிடிச்சதெல்லாம்…?”

“எல்லாமே சார்.”

பாதியில் நிறுத்தத் தெரியாத வாய். ஒருமுறை அவிழ்ந்தால் கடைசி வரைக்கும் போய்விடும். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். டிரைவருக்கு சஸ்பென்ஷன் ரத்து. இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது பக்கத்து சீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்: “நாங்க சொல்லிக் கொடுத்ததெல்லாம் நாடகமா சார்?”

அந்த அம்மாளுக்கு வலித்திருக்கும். எனக்குத் தெரியும்.

செருப்பு — ஒன்று வாசலில், ஒன்று கூடத்தில். குனிந்து எடுத்து வைத்தேன். ஏனோ அழுகை வந்தது, துக்க அழுகை இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

தம்பி வந்து கத்தினான். “வேலைய ஒழுங்கா செஞ்சு வேலை போனவரைப் பாத்திருக்கேன். தப்பை ஒழுங்கா செஞ்சு வேலை போனவரை இப்பத்தான்க்கா பாக்கறேன்!” வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, “அப்ப அன்னிக்குச் சீட்டுல…?” என்றான்.

நான்தான், “ராணி கையில இருந்துச்சுடா” என்றேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னது நிம்மதியாக இருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

மீசைக்காரர் கையில் கட்டோடு வந்தார். இவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் உட்காரவில்லை. “உங்க மேல கோவம் இருக்கு சார். இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்ல அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

மீசைக்காரர் கட்டுப் பிரித்து வண்டி எடுக்கிறார் என்று தம்பி சொன்னான். தம்பி இப்போது மறுபடி வருகிறான்.

இவர் ஒரு பால் கம்பெனியின் வண்டிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கிறார், வீட்டிலிருந்தே. முதல் நாளே, வண்டிகளில் பாதி வீணாகச் சுற்றுகின்றன என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி கோபித்துக்கொண்டு எழுந்து போனவர், நாலைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். எத்தனை நாள் வருவாரோ, எனக்கு நம்பிக்கை இல்லை. காலையில் வேண்டிக்கொள்ளும்போது வாயைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

மத்தியானம் சீட்டாட்டம். பத்து நிமிஷம் ஆகவில்லை, தம்பி சீட்டை வீசியடித்தான். “இந்த மனுஷனோட எவன் விளையாடுவான்!” என்று கத்திவிட்டு அவனே மறுபடி கலைத்துப் போட்டான்.

ராத்திரி தட்டு வைத்ததும் முதல் வாயிலேயே நிறுத்தினார்.

“உப்பு ஜாஸ்திம்மா.”

நம்பவில்லை. அவர் தட்டிலிருந்தே எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன்.

ஜாஸ்திதான்.