சிவப்புக் குள்ளிக்குத் துணை உண்டா?

என் சிவப்புக் குள்ளிக்கு,

இது நானே என் கையால் எழுதுவது. படிக்கக் கற்ற சந்தோஷத்தில், நான் சமைக்கும் இந்த அட்டகாமா பாலைவன வானாய்வகத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். நேற்று ஆய்வுப் பலகையில், நான் உனக்கு வைத்த அதே பெயர்! ‘சிவப்புக் குள்ளி: மிகவும் குளிர்ச்சி. மறைவாகத் துணை இருக்கலாம். கவனிக்கவும்.’ கையிலிருந்த பீன்ஸ் சட்டி நழுவிவிட்டது.

“யாரும்மா அந்தப் பய?” என்று ஆய்வாளர் யாஸ்னாவிடம் கேட்டேன்.

“ஐயோ பெரியவரே, அது சின்னச் சிவப்பு நட்சத்திரம்! துணைன்னா அதைச் சுத்துற கிரகம்” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்போ சுத்துறவன் ஒருத்தன் இருக்கான்ல?”

நட்சத்திரம்தான், நம்பிவிட்டேன். ஆனால் உனக்குப் படிக்கத் தெரியாதே. இதை அவளுக்குப் படித்துக் காட்டுகிறவரே, நீர் யார்? கொஞ்சம் தள்ளி உட்காரும்.

வியாழக்கிழமை மலையிறங்கி வருகிறேன்.

உன் கிழவன்