ரிசல்ட்டுக்கு முந்திய ஸ்தோத்திரம்

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து மழை. காரோட்டுத் தோட்டத்தில் குலை வெட்ட ஆள் வரவில்லை. முட்டு வலி.

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். தங்கச்சி மகள் லிஜி சி.ஏ. கடைசிப் பரீட்சையில் பாதியை எழுதி ஜெயித்துவிட்டு, தகப்பன் போனதும் மீதியை அப்படியே போட்டுவிட்டு, திருவனந்தபுரத்துத் துணிக்கடைக் கம்பெனியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தாளே, அன்றே சொன்னேன். "மக்கா, பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து இல்லேன்னா, வெளியூருக்காரி ஒருத்தி வந்து உன் தலைக்கு மேல இருப்பா." யார் கேட்டார்கள்? நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. (ஊரில் பத்து என்று சொல்லியிருக்கிறேன்.)

வந்தாள். போன வருஷம், கொல்லத்துப் பெண். லிஜியைவிட எத்தனையோ வயது இளையவள். சி.ஏ. முழுசு. வந்த அன்றே மேலாளர், சம்பளம் இரட்டிப்பு. எந்த பைல் எந்த அலமாரியில் என்று கற்றுக்கொடுத்தது லிஜி. "சேச்சி, இதொன்னு நோக்கித் தருமோ?" என்று தினமும் வந்து நிற்குமாம். நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. பார்த்துக்கொடுப்பது லிஜி. கையெழுத்து கொல்லத்துக்காரியுடையது.

இப்போது நெய்யாற்றின்கரையில் (நெ.கரை) புதுக் கிளை. அங்கே ஒரு கணக்கு மேலாளர் வேண்டும். முதலாளி லிஜியிடம் சொன்னது: பாஸ் ஆனால் உனக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள். கிடைத்தால் ரயில் பிடிக்க இருட்டில் ஓட வேண்டாம். தங்கச்சிக்குச் சுகமில்லாத நேரத்தில் அரை மணியில் வீடு வந்துவிடலாம். அந்த மீதிப் பாதியை இந்தத் தடவை எழுதியிருக்கிறாள். நாளை மத்தியானம் ரிசல்ட்.

பாஸ்தான். எனக்குத் தெரியும்.

நாளைக்கு: வேட்டி தேய்க்க. முட்டுக்குத் தைலம். லட்டு, இரண்டு பெட்டி (பாறசாலை பேக்கரி). காணிக்கைக் கவர்.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டு விட்டு.

ஆராதனைக்கு முன்பே கவரைப் போதகர் கையில் கொடுத்துவிட்டேன். ரிசல்ட் மத்தியானம்தான், சரி. அதற்காக அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பதா? கேட்பதற்கு முன்னமே நன்றி சொல்வதுதானே விசுவாசம். கவரின் மேல் என் கையால் எழுதினது: 'மருமகள் லிஜி சி.ஏ. பாஸ் ஆனதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை.'

போதகர் மைக்கில் வாசித்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் லிஜி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

வெளியே வந்தால் கைகுலுக்கல்தான். பால் சொசைட்டி ஞானதாஸ் என் தோளில் ஓங்கி அடித்தான். "எலே, இனி உன்னப் பிடிக்க முடியாது கேட்டியா! சி.ஏ. மாமனாக்கும்!"

கேட்டருகே லிஜி.

"மாமா, ரிசல்ட் இன்னும் வரலியே."

"வரும் மக்கா."

வந்தது. இல்லை.

ஒவ்வொரு பேப்பரிலும் பாஸ் மார்க் உண்டு. மொத்தத்தைக் கூட்டினால் குறைவாம், அதனால் தோல்வி. தனித்தனியே எல்லாவற்றிலும் ஜெயித்து, கூட்டும்போது தோற்பது எந்த ஊர்க் கணக்கு? நாற்பது வருஷம் வாழைக்குலை வியாபாரம் செய்தவன் நான், இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

லட்டுப் பெட்டிகளை என் பெண்சாதி சரோஜம் ஒன்றும் பேசாமல் அலமாரிக்கு மேலே வைத்தாள். அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஜூலை 7, திங்கள்

லிஜி அதே ரயிலுக்கே போனாளாம். ஸ்டேஷன் வரை மூன்று பேர் வாழ்த்துச் சொன்னார்களாம். மூன்று பேருக்கும் "இல்ல, பாஸ் ஆகல" என்று அவளே வாயால் சொல்லியிருக்கிறாள்.

சந்தையில் என்னைக் கேட்டார்கள். பேப்பர் திருத்தினவருக்கு அன்றைக்கு நல்ல காய்ச்சல் என்றேன். மறு கூட்டலுக்கு நானே டெல்லிக்குப் பேசிவிட்டேன் என்றும் சொன்னேன். ஞானதாஸ்: "என்ன பாஷையில பேசினே?" பக்கத்தில் எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஏத்தன் வாழை விலை இறக்கம். தைலம் வாங்க மறந்தேன்.

ஜூலை 9, புதன்

நெ.கரைக் கிளைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். ஆலுவாப் பையன். சி.ஏ. முடித்து வருஷம்கூட ஆகவில்லை. வரும் திங்கள் சேருகிறான். வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியது யார்? லிஜி. இதையும் நான் சொன்னேன். சரியாகச் சொன்னதற்கு இந்தத் தடவை சந்தோஷமே இல்லை.

சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். லிஜி அப்போதுதான் வந்து டிபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "மாமா, நான் இன்னொரு தடவ எழுதுவேன். நீங்க இப்பவே கவர் எழுதி வைங்க" என்றாள். என் குடும்பத்துப் பெண் அல்லவா.

வீட்டில் வந்து சொன்னேன். சரோஜம் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அவ சொன்னாளா, நீங்க சொன்னீங்களா?"

ஜூலை 11, வெள்ளி

மழை. லிஜி மறுபடியும் எழுதப் போகிறாள் என்று நேற்றுப் போதகரிடம் சொன்னேன். ஞானதாஸிடம் சொன்னேன். பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களிடமும். அடுத்த வருஷம் இதே நேரம் நெ.கரை என்ன, கொச்சியிலேயே நாற்காலி என்றேன்.

மத்தியானம் தங்கச்சி வந்தாள், குடை இருந்தும் பாதி நனைந்துகொண்டு. கையில் பொழியூர் நெத்திலி.

"அண்ணே, அவ எழுதுவேன்னு உங்ககிட்ட சொன்னாளாமே? ஞானதாஸண்ணன் சொன்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

"மாமன்கிட்டதானே சொல்லுவா."

"ஞாயித்துக்கெழம ராத்திரியே புஸ்தகத்த ஒக்கக் கட்டி, பழைய பேப்பருக்குப் போடணும்னு வாசல்ல வச்சிட்டா. இத கேட்ட பொறவுதான் எனக்கு உயிரு வந்தது. கட்ட அவுத்துத் திரும்ப அடுக்கி வச்சிட்டுத்தான் வாறேன். அவ வந்து பாத்தா சந்தோஷப்படுவா, இல்லியா அண்ணே?"

"பின்னே?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் தங்கச்சி வயிறாரச் சாப்பிட்டாளாம். போகும்போது மழை விட்டிருந்தது, குடையை இங்கேயே மறந்துவிட்டுப் போனாள்.

ஜூலை 12, சனி

மழை இல்லை. லட்டு கெட்டுப்போய்விட்டது, கோழிக்குப் போட்டேன். குடையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போகவில்லை.

புதன்கிழமை எழுதினதில் ஒன்று சரியல்ல. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது உண்மை. அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை எழுதுவேன் என்று சொல்லவும் இல்லை. குழாயை மூடினாள், முகம் திருப்பவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"மாமா, இனி என்னப் பத்தி யாருட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம்."