கொழுந்தனார் சத்தம் போட்டார்

என் மேசையில் உன் வீட்டுத் தாழ்ப்பாள் கிடக்கிறது. உன் பட்டறையில் நீயே அடித்துப் பொருத்தியது. இப்போது நடுவில் கோணியிருக்கிறது. உன் கையில் எப்போதும் இருந்த கிரீஸ் வாடை அதில் இன்னும் போகவில்லை. உன் மனைவி தங்கம் அதைக் கழற்றி, காய்கறிப் பையில் போட்டு, தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு என் அலுவலகம் தேடிக் கொண்டுவந்தாள். கதவை உதைத்தவன் உன் தம்பி.

உங்கள் குடியிருப்பை இடித்துக் கட்டப்போகிறார்கள். புது வீடு தன் பேரில் வர வேண்டும், தங்கமும் மகளும் வெளியேற வேண்டும் என்கிறான். "கோவக்காரன்தான், ஆனா எம் பேச்சுக்குக் கட்டுப்படுவான், வே" என்பாய். நீ போய்ச் சேர்ந்த பிறகு அவனைக் கட்டுப்படுத்த யாருமில்லை.

"கம்ப்ளைண்ட் எழுதிட்டாங்க அண்ணாச்சி, சீட்டும் தந்துட்டாங்க" என்று நிம்மதியாகத்தான் வந்தாள். அது என்.சி. சீட்டு. நீதிமன்றம் உத்தரவிட்டாலன்றிக் காவல்துறை விசாரிக்காது என்பதே அதன் பொருள். வாய்ச்சண்டை என்று எழுதியிருந்தார்கள்.

"ஸ்டேஷன்ல என்னம்மா சொன்ன?"

"கொழுந்தனார் சத்தம் போட்டாருன்னு சொன்னேன்."

"என்ன சொல்லிச் சத்தம் போட்டான்?"

தாழ்ப்பாளையே பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "பிள்ளையோட சேத்து உள்ள வச்சுக் கொளுத்திருவேன்னாரு."

"இத ஏன் அங்க சொல்லல?"

"அவருக்குக் கூடப்பொறந்தவருல்லா அண்ணாச்சி. வெளியாள்ட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அவள் காத்த மரியாதையில் கொலை மிரட்டல் வெறும் சத்தமாகிவிட்டது. அவன் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, கதவை உடைத்து நுழைய முயன்றதையும் சேர்த்து, அவளோடு நானும் காவல் நிலையம் போனேன். அதிகாரி முதல் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. "கர் கா மாம்லா ஹை, வக்கீல் சாப்" என்றார். வீட்டு விவகாரமாம், உங்கள் ஊர்ச் சங்கத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மறுத்தால் வழி அடைபட்டுவிடுவதில்லை. அதே புகாரைக் காவல்துறைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினேன். பதில் இல்லை. அடுத்தது மாஜிஸ்திரேட்: விசாரணைக்கு உத்தரவிடக் கோரும் மனு, அதனுடன் உறுதிமொழிப் பத்திரம். "நீரு வாசல்ல கெடக்க கோலத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் தாண்டுவீரு" என்று என்னைக் கேலி செய்வாயே, அதே நிதானத்தோடு ஒவ்வொன்றையும் செய்தேன்.

முந்தாநாள் உன் தம்பி என் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து கும்பிட்டான்.

"அவள உள்ள வச்சுக் கொளுத்துனா ஒங்க பேப்பரா வந்து அணைக்கும், வக்கீலய்யா?" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "ஒங்க மவ மாட்டுங்கா ஸ்டேஷன்லதான தெனம் எறங்குது?"

அன்றிலிருந்து மகளை நானே போய் அழைத்து வருகிறேன். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நின்று, அந்த ஆளை முன்னே போகவிடுகிறேன்.

ஆனால் மிரட்டலை நேரில் கேட்ட இன்னொருவர் இப்போது இருக்கிறார், நான்தான். நான் சாட்சியாக வேண்டுமென்றால் அவளுக்காக வாதாடுவது முறையல்ல. வழக்கை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, என் உறுதிமொழிப் பத்திரத்தை எழுத உட்கார்ந்தேன். முகவரி வந்ததும் பேனா நின்றது. இதன் பிரதி என்றாவது அவன் கைக்கும் போகும். மாடி எண், கதவு எண் வரை முழுதாக எழுதினேன். நாளை தங்கத்தோடு நீதிமன்றம் போகிறேன்.

உன்னைப் பயமறியாதவன் என்பார்கள். மழையில் ரயில் நின்றுபோன அன்று, சயானிலிருந்து தண்டவாளத்து வெள்ளத்தில் நீதான் முன்னால் நடந்தாய். "பயமா இருந்தா எங்கையப் புடிச்சுக்கிடும், வே" என்றாய். பிடித்தேன். அந்தக் கை என் கையைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.