துவைக்காத துணியோடு வாருங்கள்

என்னங்க,

வீடு பளபளவென்று இருப்பதாக வீடியோ காலில் மெச்சினீர்களே, அது என் கைவண்ணம் இல்லை. பரீட்சை நெருங்க நெருங்க நம் மகள் துடைத்த தரையையே துடைத்து, கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள். "போதும்டி, கை ஊறிப்போச்சு பாரு" என்றேன். "இது ஒண்ணுதாம்மா தேய்க்கத் தேய்க்கச் சரியாகுது" என்றாள்.

தடுக்க எனக்குத் தெம்பில்லை. வேலை முடிந்து வந்ததும் நானே ஒரு சட்டியை வேண்டுமென்றே அடிபிடிக்க விடுகிறேன். அவள் தேய்க்க, பக்கத்தில் நின்று துடைக்கிறேன். அப்போதுதான் வாய் திறக்கிறாள். "நான் ஃபெயிலாயிட்டா அப்பா என்கூட பேசுவாராம்மா?"

துடைத்த சட்டியையே நான் மறுபடி துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது உங்கள் துணிகளைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள். மார்க் பேச்சை எடுக்காமல் அவளோடு நின்று அலசுங்கள். அவள் கேட்காவிட்டாலும் பதிலைச் சொல்லிவிடுங்கள்.

கரிச்சட்டியோடு,
உங்கள் வீட்டுக்காரி