‘நலம்’ என்று ஒரு பட்டன்

மார்ச் 3, செவ்வாய்

இடது கையில் கட்டிவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டான். வலது கை எனக்கு மிச்சம், அதனால் எழுதுகிறேன். வாய்விட்டுப் புலம்பினால் இது கேட்டுக்கொள்ளுமோ என்று பயம். கேட்காது, அளக்க மட்டும்தான் செய்யும் என்று சத்தியம் பண்ணினான். அவனுக்கே முழுசாகத் தெரியுமோ என்னவோ.

பார்க்க வாட்ச்தான். ஆனால் மணி பார்க்கக் கட்டியது இல்லை. நான் எங்கே போகிறேன், எப்போது படுக்கிறேன், நெஞ்சு எப்படி அடிக்கிறது, எல்லாம் அவன் போனுக்குப் போகுமாம். விழுந்தால் கையை உலுக்கும், ‘கீழே விழுந்துவிட்டீர்களா?’ என்று எழுத்தில் கேட்கும். பதில் தராவிட்டால் அவனுக்கு அலாரம் அடிக்கும்.

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் விழுந்து கிடந்தபோது நான் சலவைக்கூடத்தில் நின்றிருந்தேன். மகன் வேறு ஊரில். சாயங்காலம் எதிர்வீட்டு டிரைவர்தான் முதலில் பார்த்தது. அதற்காகத்தான் இது. புரிகிறது. புரிந்தாலும் கை கனக்கிறது.

மார்ச் 4, புதன்

பல்கூடத் தேய்க்கவில்லை, அதற்குள் போன். “நேத்து நீ தூங்கவே இல்லையேம்மா.” தூங்கினேனே என்றேன். “இல்லம்மா, இங்க இருக்கு.”

அங்கே இருக்கிறதாம். நான் இங்கே இருக்கிறேன்.

வேலையில் இன்னொரு கூத்து. ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும்போது வலது கைதான் ஓடும், இடது கை துணியைப் பிடித்தபடி சும்மா இருக்கும். வாட்ச் அந்தச் சும்மா இருக்கிற கையில் அல்லவா இருக்கிறது. ‘நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள்’ என்றது. வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன். துணி மடிக்கிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “என் மாமியாருக்கு உறவா இது?” என்றாள். அவர் போன பிறகு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டேன். சிரித்தாலும் அவன் போனுக்குப் போகுமோ?

மார்ச் 7, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

குளியலறை பல்பு போய்விட்டது. “ஏங்க, பல்பு போயிடுச்சுங்க” என்று கூப்பிட்டுவிட்டேன். பழக்கம். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் அவரை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. ‘ஏங்க’தான் அவர் பேர். அந்தப் பேரை இனி யாரிடம் சொல்ல?

அப்படியே தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். வாட்ச் உலுக்கியது. இரண்டு பட்டன். ஒன்றில் ‘உதவி வேண்டும்’. இன்னொன்றில் ‘நலமாக இருக்கிறேன்’. நிதானமாகப் படித்தேன். உதவி வேண்டாம், யார் வந்து என்ன செய்ய? சரி, இதைத் தட்டுவோம் என்று விரலைக் கொண்டுபோனேன். நலமாக — எப்படித் தட்டுவேன்? அவர் படுத்த தலையணை உறையைக்கூட இன்னும் நான் துவைக்கவில்லை. நலமாம்.

பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் டிரைவர் கதவை இடிக்கிறார். “அம்மா, உயிரோட இருக்கீங்களா?” மகன் போன் பண்ணினானாம். பாதிச் சோற்றில் எழுந்து ஓடிவந்திருக்கிறார், கையெல்லாம் பருக்கை. எனக்குக் கூசிப்போயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

ஏன் தட்டவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எழுத்துச் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

புத்தி எங்கே போயிற்று எனக்கு.

கொஞ்ச நேரமாவது கை காலியாக இருக்கட்டும் என்று வாட்ச்சைக் கழற்றினேன். கழற்றி வைத்தால் அதுவும் அவனுக்குத் தெரிந்துவிடும் என்றதும் மடிப்பு அக்கா, “குடு, நான் கட்டிக்கறேன். உன் புள்ளைக்கு ஒரு புது அம்மா கிடைக்கட்டும்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். வேலை விட்டதும் அவளும் மறந்தாள், நானும் மறந்தேன். அதோடு பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போடுகிறேன், போன்.

“எங்கம்மா போயிட்டிருக்க?”

“வீட்லதான்டா இருக்கேன்.”

“பொய் சொல்லாதம்மா. பாலத்தைத் தாண்டிட்ட. யார் கூட இருக்க? யாராவது மிரட்டுறாங்களா?”

வாட்ச் மடிப்பு அக்கா கையில் போகிறது என்று சொல்லியும் நம்பவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, அவர் வந்து என்னைக் கண்ணால் பார்த்து, ஆமாம், அம்மா இங்கேதான் நிற்கிறார் என்று சொன்ன பிறகுதான் நம்பினான். பெற்றவள் வாய்க்கு இருக்கிற மதிப்பு இவ்வளவுதான்.

மார்ச் 13, வெள்ளி

முடிவு பண்ணிவிட்டானாம். 29ஆம் தேதி, ஞாயிறு, வேன் கொண்டுவருகிறான். கட்டில், பீரோ, நான், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக. அவன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்தாயிற்று. எட்டாவது மாடி.

இந்த வீட்டில் அவர் நடமாடிய இடம் எல்லாம் இருக்கிறது. சலவைக்கூடத்தில் என் மேசை இருக்கிறது. அங்கே எனக்கு என்ன இருக்கும், ஜன்னல்தானே. அதைத் திறக்கவும் விடமாட்டான், விழுந்துவிடுவேனாம்.

மார்ச் 16, திங்கள்

மருமகள் தனியாகப் போன் பண்ணினாள். நல்ல பெண். “அத்தை, அவர்கிட்ட நான் பேசிப் பாக்கறேன். இன்னொரு வாட்டி அது கேட்டா அந்தப் பட்டனை மட்டும் தட்டிடுங்க. உங்க மனசை அது கேக்கல அத்தை, எலும்பு உடையலையான்னுதான் கேக்குது.”

அப்படியானால் அதையே எழுதித் தொலைத்திருக்கலாமே. ‘விழவில்லை’ என்று போட்டிருந்தால் முதல் நாளே தட்டியிருப்பேன்.

மார்ச் 18, புதன்

இன்று துணி மூட்டையை இறக்கும்போது கை பலமாக இடிபட்டது. அது கேட்டது. தட்டிவிட்டேன். நலமாக இருக்கிறேன். அலாரம் இல்லை, போன் இல்லை, டிரைவர் இல்லை. எல்லாம் சுலபமாக முடிந்தது.

சோறு இறங்கவில்லை. அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தின மாதிரி இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அவன் வேன் சமாசாரம் பேசிக்கொண்டே இருந்தான். நடுவில் நிறுத்தி, “எழுத்து தெரிஞ்சுதுடா எனக்கு” என்றேன். “நலமாக இருக்கிறேன்னு போட்டிருக்கு. உங்கப்பா போயிட்டாரு. நான் எப்படிடா அதைத் தட்டுவேன்?”

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“அது வெறும் பட்டன்மா.”

“உனக்கு.”

பிறகு மெதுவாகச் சொன்னான். ஆபீஸ் லிஃப்டில் ஒருவர் தினமும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாராம். இவன் நல்லா இருக்கேன் என்று சொல்கிறானாம், தினமும். சொல்லிவிட்டு, “அந்த அலாரம் அடிக்கும்போதெல்லாம் அப்பா விழுற சத்தம் கேக்குதும்மா எனக்கு” என்றான்.

அவனுக்கும் அப்பாதான் போயிருக்கிறார். நான் என் புருஷன் போனதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். பாவம் பிள்ளை.

வேன் வருமா வராதா என்று அவனும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 25, புதன்

காரணம் என்று எதுவும் இல்லை. விரிப்பின் மூலையைப் பிடித்து இழுத்தேன், கண் நிறைந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பின்னால் போய்த் தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். வாட்ச் உலுக்கியது. இரண்டு பட்டனையும் பார்த்தேன். தட்டவில்லை.

போன் வந்தது.

“அழறியாம்மா?”

விழுந்தியா என்று கேட்கவில்லை.

“ஆமாம்டா.”

“சரி. அழு. நான் இருக்கேன்.”

அவன் பக்கம் யாரோ பேசும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம். பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும். மடிப்பு அக்கா என் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, யாரும் பார்க்காதபடி முன்னால் நின்று மடித்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவன் கேட்டான், ஞாயிற்றுக்கிழமை சமைப்பியா என்று. சமைக்கிறேன் என்றேன். காலைப் பஸ்ஸில் வருகிறானாம்.

பஸ்ஸில் வருகிறவன் கட்டிலையும் பீரோவையும் எப்படித் தூக்கிப் போவான்?