சட்டிக்குள் கம்பளி

மார்கழி 4
சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது: இன்று காலை என் மேலுதட்டில் மீசைமயிர் ஒன்று உதயமாயிற்று. கோட்டையில் பீரங்கி வெடிக்கவில்லை. ஒல்லாந்தருக்குப் பொறாமை.

மார்கழி 5
வாடை அறுக்கிறது. துணிமூட்டைகளைக் கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோகிறோம். அலை தாண்டுவதற்குள் துடுப்பு வலிக்கிற அத்தனை பேரும் தொப்பல். மூட்டைகள் மட்டும் மெழுகுத்துணிக்குள் சுகமாக. எங்களுக்கு மயிர்க்கூச்சுதான் போர்வை. திரும்பும்போதுதான் கம்பளி — நனையாமலிருக்க ஆளுக்கொன்றை மண்சட்டியில் திணித்து, வாயைக் கட்டிப் படகில் வைத்திருப்போம்.

அண்ணன் சின்னதம்பிக்கு இருமல் நிற்கவில்லை. எங்களுக்கும் மெழுகுத்துணி வேண்டுமென்று கங்காணி பொன்னுரங்கத்திடம் கேட்டார். "சட்டி சட்டியா கம்பளி வெச்சினு இன்னாடா குளிரு உங்களுக்கு?" என்றான்.

மார்கழி 7
என் மூளைக்கு நானே திருஷ்டி கழிக்க வேண்டும். கங்காணி ஒரு நடை படகில் வந்து நனைந்தால் போதும், தானே மெழுகுத்துணி வெட்டிக் கொடுப்பான். வரவழைப்பது எப்படி? தனியாகப் பார்த்து ஓதினேன்: "சட்டில கம்பளி மட்டும்தான் கீதானு ஒரு தபா பாத்துக்குங்க சாமி."

மார்கழி 8
வந்தான். முதல் அலையிலேயே தலைப்பாகை கடலுக்கு. பல் தாளம் போட்டது. கப்பலோரம் சட்டி சட்டியாகத் திறந்தான், கம்பளிதான். அண்ணனுடையதை உருவிப் போர்த்திக்கொண்டான். அண்ணன் ஈரத்தோடே வலித்தார். போகட்டும், ஒரு நாள்தானே. நாளை மெழுகுத்துணி வரட்டும், யார் வேலை என்று குப்பத்துக்கே சொல்கிறேன்.

மார்கழி 9
உத்தரவு வந்தது. கும்பினிச் சரக்கு தவிர எதுவும் படகில் ஏறக் கூடாது. இன்று கம்பளி இருக்கும் சட்டியில் நாளை திருட்டுத் துணி இருக்குமாம். எங்கள் கண்ணெதிரே எல்லாச் சட்டியையும் உடைத்தார்கள்.

மெழுகுத்துணியா? வந்தது. மூட்டைகளுக்கு இரண்டாவது சுற்று.

மார்கழி 10
குளிர்.

மார்கழி 13
அண்ணன் எழவில்லை. காய்ச்சல். மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் கரகரவென்கிறது. அண்ணி எல்லம்மா அடுப்பைப் பார்த்துச் சபித்தார்: "கங்காணி காதுல ஊதின வாயி புழுத்துப் போவணும்." நான் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். ஊதியது நான் — எப்படிச் சொல்வது?

மார்கழி 15
அண்ணன் இடத்தில் வேறு ஆள் வலிக்கிறான். நான் படகிலிருந்து வந்ததும், ஜுரத்திலும் அண்ணன் தன் போர்வையைப் பாதி என் மேல் இழுத்துவிட்டார்.

"நான்தாண்ணா அவன்கிட்ட சொன்னேன்."

சிரித்தார், இருமலாயிற்று.

"போடா. உன் வேலையா இருந்தா இன்னேரம் தம்பட்டம் அடிச்சிருப்பியே."

இரண்டாம் தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.